ரோஜரின் தளபதியும் என் கட்டைவிரலும்

1

ஆம்பூரில் என்னோடு வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. "எஸ்தர், நீ போயி இந்த மாசத்தோட எட்டு வருசம் ஆவுது. அங்க இன்னாதான் பண்றே?"

நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்வது அவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பிரபு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதும் தெரியும். கேட்டது அதற்கு மேலே. நானும் மறைக்காமல் எழுதிவிட்டேன்: சனிக்கிழமை ஆனால் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறேன்.

சிரிப்பு முகங்களாக வந்து கொட்டின. ஒருத்தி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "அங்க ரொம்ப பேஜாரா இருக்குதாடி? மனசு கினசு சரியில்லையா?" என்று விசாரித்தாள். அவள் கவலைப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை இத்தனை விவரமாக எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நடுவில் இரண்டு மூன்று வாரம் மட்டும் நன்றாக இல்லை. அதற்கும் காரணம் நானேதான், இன்னும் சரியாகச் சொன்னால் என் வலது கட்டைவிரல்.

முதலில் அந்தப் பொம்மை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலின் முதல் கணு உயரத்துக்குச் சின்னச் சின்னப் படைவீரர்கள். மினியேச்சர் என்பார்கள். ஆறடிக்கு நாலடி மேசையில் மலை, காடு, ஆறு, பாலம் எல்லாம் செய்து வைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு படையை நிறுத்தி, தாயம் உருட்டிச் சண்டை போடுவார்கள். பேரன் எடுத்த ஆட்கள் இன்ச் டேப்பை நீட்டி, குதிரை இந்த முறை எவ்வளவு தூரம் ஓடும் என்று அளந்து பார்ப்பார்கள். எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமை மதியம் இதற்கென்றே ஒரு கிளப் கூடுகிறது. ஊர் என்றால், இங்கிலாந்தின் நடுவில் எட்டு வருடமாக நான் 'எங்கள் ஊர்' என்று சொல்லப் பழகியிருக்கும் சிற்றூர்.

2

ஊரில் என் வேலை ஷேடு பார்ப்பது. இதைப் படிக்கிறவர்களில் தோல் ஃபேக்டரிப் பக்கம் வராதவர்களும் இருப்பீர்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒரு துண்டுத் தோலை அனுப்பி, இதே நிறத்தில் இத்தனை ஆயிரம் சதுர அடி வேண்டும் என்பான். அதைப் பார்த்து நிறம் கூட்ட வேண்டும். வெயில் நேராக விழுந்து நிறத்தை மாற்றிக் காட்டாத, வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மேசை போட்டு, பதினான்கு வருடம் அதைச் செய்தேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல சரக்கைப் பார்த்தால் வாயால் பாராட்ட மாட்டோம். கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு தோலின் மேல் அழுத்தி நாலு தேய்ப்பு. விரலில் நிறம் ஏறவில்லை என்றால் சரக்கு பாஸ். முறையான பரிசோதனைக்கு மெஷின் தனியாக இருக்கிறது, ஆனால் கையில் எடுத்ததும் விரல் தானாக வாய்க்குப் போய்விடும். தேய்க்காமல் கீழே வைத்தால்தான் அவமானம், தேய்த்துப் பார்க்கக்கூட லாயக்கில்லை என்று அர்த்தம். எங்கள் இன்சார்ஜ் கலீல் பாய் தேய்த்துவிட்டு, விரலை எல்லோருக்கும் காட்டி, "ஓகே, லோடு ஏத்து" என்பார். அதைக் கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

இங்கே வந்த புதிதில் வேலை தேடும் அலுவலகத்தில் முன்பு என்ன வேலை என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாள் கம்ப்யூட்டர் பட்டியலை மேலும் கீழும் உருட்டிவிட்டு, "சுவருக்குப் பெயின்ட் அடிப்பவரா?" என்றார். இல்லை, தோலுக்கு என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பச்சை குத்துகிறவள் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. கடைசியில் 'மற்றவை' என்ற கட்டத்தில் ஒரு டிக். அரசாங்கம் என்னை அப்படித்தான் அறிந்து வைத்திருக்கிறது.

3

என் மகள் ஷெரினுக்கு இப்போது பதினைந்து வயது. ஏழு வயதில் வந்தாள். வந்த புதிதில் பள்ளியில் நடந்ததையெல்லாம் தமிழில் மூச்சுவிடாமல் கொட்டுவாள். பிறகு கதை குறைந்தது. பத்து வயதுக்கு மேல் என்னிடம் அவளாகப் பேசியது 'பசிக்குது', 'வேணாம்', 'போதும்', அவ்வளவுதான். அறைக் கதவும் மூடிக்கொண்டது. இங்கே பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் இது நடப்பதுதான் என்று பிரபு சொல்வார். எல்லோருக்கும் நடக்கிறது என்பதால் எனக்கு வலிக்காமல் போய்விடுமா?

பள்ளித் தோழி ஒருத்தி கூட்டிப் போய் அவளை அந்தக் கிளப்பில் சேர்த்துவிட்டாள். சண்டை போடுவதும் திட்டம் தீட்டுவதும் இவளுக்கு உயிர். ஆனால் பெயின்ட் அடிக்கப் பொறுமை கிடையாது. கிளப்பிலோ நிறம் பூசாத படையை மேசையில் ஏற்றக் கூடாது என்று சட்டம். சாம்பல் நிறத்தில் அறுபது வீரர்கள் அட்டைப்பெட்டியோடு எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் ஒருவனை எடுத்தேன்.

எடுத்தால், வேலை எனக்குத் தெரிந்த வேலை! முதலில் பிடிப்புக்கு ஒரு கோட், பிறகு பேஸ் என்கிற அடிநிறம், எதையும் தடியாகப் பூசாமல் நீர்க்க நீர்க்க மூன்று தடவை, காயவிட்டு மடிப்புகளில் கறுப்பு இறக்கி, மேட்டில் வெளுப்பு தொட்டு, கடைசியில் நிறம் கரையாமல் காக்க மேலே ஒரு டாப் கோட். பசுத்தோலுக்குச் செய்ததைப் பத்து மடங்கு சின்னப் பிரஷ்ஷால் செய்தேன். முடித்து மேசையில் வைத்து, பழக்கத்தில் தேய்த்துப் பார்த்து, "ஓகே, லோடு ஏத்து" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஷெரின் தண்ணீர் குடிக்க வந்தவள் அவனைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மா, யாரு பண்ணா இது?"

"நான்தான்."

"நெஜமாவா?"

அன்று மாலையே மீதி ஐம்பத்தொன்பது பேரும் என் மேசைக்கு வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை, "நீயும் வர்றியா?" என்று கேட்டாள். பாஸ்போர்ட் கையில் கிடைத்த நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

4

கிளப்பின் தலைவர் ரோஜர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பேச்சு கம்மி, கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. அவருடைய படை முழுவதும் ஒரே நிறத்தில் நீளக் கோட்டு அணிந்தது. நாவல்பழத்தைக் கடித்ததும் தெரியும் அந்த உள் நிறம். படைக்கு முன்னால் குதிரைமேல் ஒரு தளபதி. கால் முறிந்து படுத்திருந்த ஒரு குளிர்காலம் முழுக்க அந்த ஒருவனை மட்டுமே தீட்டினாராம். யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

ஒரு சனிக்கிழமை அவரே வந்து என் உள்ளங்கையில் அவனை வைத்தார். நான் செய்த வேலையை ஷெரினின் படையில் பார்த்திருக்கிறார், அதற்கு மரியாதை. கூடத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எப்பேர்ப்பட்ட வேலை! கோட்டின் ஒவ்வொரு மடிப்பிலும் வெளிச்சம் தனியாக விழுந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தால் இங்கிலீஷ் ஓடிவிடும். அன்றைக்கும் ஓடிவிட்டது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று விரல் வாய்க்குப் போனது. தளபதியின் முதுகில் அழுத்தி நாலு தேய்ப்பு.

என் கட்டைவிரல் நாவல்பழ நிறமாகிவிட்டது. தளபதியின் முதுகு சாம்பலாகிவிட்டது.

சாரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்குக்கூட இந்த ஊரில் முதலில் சொல்லித் தருவது அதைத்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "கலர் நிற்கவில்லையே, மேலே டாப் கோட் போடவில்லையா?" என்று கேட்டேன். சரக்கைத் திருப்பி அனுப்பும் இன்சார்ஜ் தொனியில்.

ரோஜர் தளபதியை வாங்கி, கைக்குட்டையில் வைத்து, மெதுவாக மடித்துக்கொண்டு போனார். பளபளப்பு பிடிக்காது என்பதால் மேலே எதுவும் பூசாமல் விட்டிருந்தாராம். கடைசிப் பூச்சு சாதாரண மை. அதெல்லாம் பிறகு தெரிந்தது.

பஸ்ஸில் ஷெரின் எனக்கு முன்சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். வீட்டு வாசலில்தான் வாய் திறந்தாள். "எச்சில தொட்டு தேச்சிட்டு, அவரையே கேள்வி வேற கேக்குறே. எல்லாரும் பாத்தாங்க மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ இனிமே வராத. ப்ளீஸ்" என்றாள்.

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ப்ளீஸ் என்ற பிறகு என்ன செய்வது? இன்னும் மூன்று வருடத்தில் அவள் காலேஜ் என்று வேறு ஊருக்குப் போய்விடுவாள். அதற்குள் அவள் எனக்குத் திறந்துவிட்ட ஒரே கதவு அந்தச் சனிக்கிழமைதான். அதை என் கையாலேயே சாத்திவிட்டேன். சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அழுதேன், வெங்காயம் என்று பொய் சொல்லவும் வழியில்லாமல்.

5

புதன்கிழமைகளில் மாலை நாலு மணிக்கு ரோஜர் கூடத்தைப் பெருக்க வருவார். என் வேலை முடிந்து நேராக அங்கே போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே, கவலைப்படாதீர்கள், ஒன்றுமே இல்லை, மறந்துவிடுங்கள் என்றார். இங்கிலீஷ்காரர்கள் அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று பொருள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. ஆனாலும் நகராமல் நின்றேன்.

"இரண்டு வாரம் கொடுங்கள். பழையபடி செய்து தருகிறேன்."

அவர் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தார். அந்தப் பெயின்ட் இப்போது வருவதில்லை, மை அவரே சொந்தமாகக் கலந்தது, அளவு எழுதி வைக்கவில்லை, இரண்டு நாளாக முயன்றும் தன்னாலேயே அந்த நிறத்தைக் கொண்டுவர முடியவில்லை என்றார்.

"அப்படியானால் என்னிடம்தான் கொடுக்க வேண்டும்" என்று சொல்லி, பதினான்கு வருடம் நான் என்ன செய்தேன் என்று விளக்கினேன். 'மற்றவை' கட்டத்தில் அடங்காததை முதல்முறையாக ஒருவர் முழுதாகக் கேட்டார். நாக்கில் தொட்டது ஏன் என்பதையும் சொன்னேன். அவர் என் கட்டைவிரலைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து, தளபதியையும், அதே கோட்டு போட்ட காலாள் ஒருவனையும் உள்ளே படுக்க வைத்துக் கொடுத்தார். மாதிரிக்குத் துண்டு இல்லாமல் ஷேடு எடுக்க முடியாது என்று நான் கேட்காமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

6

எங்கள் வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அது ஷெரின் அறையில் இருக்கிறது.

கதவைத் தட்டினேன்.

"இன்னா மா?"

"உன் ஜன்னல் வேணும்டி."

டப்பாவைத் திறந்து காட்டினேன். அவள் தளபதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மேசையில் இருந்த புத்தகங்களை ஒதுக்கிவிட்டுக் கட்டிலுக்குப் போனாள்.

மூன்று நாள் காலையில் அங்கே உட்கார்ந்தேன். ஈரத்தில் ஒத்துப்போகும் நிறம் காய்ந்தால் கறுக்கும். அதனால் அட்டையில் புள்ளி வைத்து, காயவிட்டு, காலாளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, மறுபடி கலந்தேன். ஒன்பதாவது புள்ளி எனக்கு அப்படியே அதே நிறமாகத் தெரிந்தது. பிரஷ்ஷை எடுத்துவிட்டேன்.

"ப்ளூ ஜாஸ்தி" என்று கட்டிலில் இருந்து சத்தம் வந்தது.

"இல்ல. கரெக்டா இருக்குது."

"ஜாஸ்தி மா. உனக்குத் தெரில."

பகல் ஏறியதும் மறுபடி பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. நாற்பத்தாறு வயதில் என் கண் மஞ்சள் பாய்ந்து, நீலத்தைக் குறைத்துக் காட்ட ஆரம்பித்திருக்கிறது. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது, ஷேடு மேசையில் நாங்கள் சொல்லும் அந்த 'ஜாஸ்தி'. இவளுக்கு இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். நான் பேசியதெல்லாம் அந்த மூடிய கதவுக்குப் பின்னாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பதினோராவது புள்ளியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். முதுகில் பூசி, காயவிட்டு, பளபளக்காத டாப் கோட்டைத் தளபதி முழுவதற்கும் ஒரே சீராக அடித்தேன்.

அவள் மேசையில் ஒரு கட்டம்போட்ட தாள் கிடந்தது. மாதக் கடைசியில் கிளப்புக்கு வெளியாட்கள் வந்து பார்க்கும் நாள். அன்று ஆளுக்கொரு மேசை நிலம் செய்ய வேண்டும். டெரைன் என்பார்கள். அவள் ஒரு ஆறும் அதன் குறுக்கே ஒரு பாலமும் வரைந்து, அதன் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

"எல்லார் டேபிள்லயும் இதான் மா. போர் அடிக்குது."

"நம்ம ஊருலயும் ஆறும் பாலமும்தான். ஆனா ஜனங்க பாலத்துக்குக் கீழ நடந்து போவாங்க."

அவள் நிமிர்ந்தாள். "பாலாறு தான? டேவிட் மாமா என்னை டாங்க் மேல ஒக்கார வெச்சு பைக் ஓட்டுவாரே, அந்த மணல்ல. ஒரு தடவ ரெண்டு பேரும் விழுந்துட்டோம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு."

எட்டு வருட ரகசியம்! உடனே என் தம்பி டேவிட்டுக்கு வீடியோ போட்டு இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம். திட்டி முடித்ததும், அந்த மணலில் ஒரு டப்பா அனுப்பச் சொன்னேன். இங்கே சுங்கத்துறையின் இணையப் பக்கத்தைப் படித்த ஷெரின், வெளிநாட்டு மண் வரக் கூடாது, அனுமதிக்குத் தனிப் படிவம் வேண்டும் என்றாள்.

"நம்ம ஆத்துலருந்து லாரி லாரியா போச்சுக்கா, அப்ப யாரும் ஃபாரம் கேக்கல" என்றான் டேவிட். "சரி, மணல் கலர் போட்டுக்க."

மணல் கலர் என்று ஒரு கலர் உண்டா? நினைவிலிருந்து ஷேடு எடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். போன் கேமராவோ பொய் சொல்லும். கடைசியில் டேவிட்டே வழி கண்டுபிடித்தான். அவன் ஷூ ஃபேக்டரியில் இருக்கிறான். அங்கிருந்த தோல் துண்டுகளை எடுத்துப் போய் ஆற்று மணலின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, நடு ஆற்றில் நின்றபடி சொன்னான்: "கேமலுக்கு மேல, டானுக்குக் கீழ. டான் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி." கேமலும் டானும் பழுப்பில் இரண்டு ஷேடு, இரண்டும் என் பெட்டியில் இருந்தன. ஊரை விட்டு வரும்போது நகையோடு சேர்த்து எடுத்து வந்த துண்டுகள். இங்கே கடையில் வாங்கிய மணலில் நிறம் கூட்டக் கூட்ட, அது அந்த இரண்டுக்கும் நடுவில் வந்து சேர்ந்தது.

வீடியோவில் கரையோரம் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அது என்ன என்று ஷெரின் கேட்டாள். தோல் ஃபேக்டரித் தண்ணீர் ஒரு காலத்தில் வந்த வழி, அது எங்கள் வேலை என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு அதையும் போட்டாள். கறுப்பு நான்தான் கலந்தேன்.

உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் நம் பக்கத்துக் குன்றுகளைத் தக்கையில் செய்தோம். அமிர்தி காட்டுப் பச்சையை ஒரு மூலையில் வைத்தோம். இரண்டு வாரமும் அவள் அறைக் கதவு திறந்தே கிடந்தது. ஆனால் சனிக்கிழமை நானும் வரலாமா என்பதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

7

வெளியாட்கள் வரும் அந்த நாள் காலையில் ஷெரின் என் முன்னால் வந்து நின்று, "டேபிள் வெயிட்டா இருக்குது. தூக்க ஆள் வேணும்" என்றாள். பிரபு எழுந்திருக்கப் போனார். "நீ இல்லப்பா" என்றாள்.

ஆட்டத்தின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோஜர் தோற்றார். ஆறு ஒரு பக்கம் காவலுக்கு இருக்கிறது என்ற பழக்கத்தில் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டார். ஷெரினின் குதிரைப்படை காய்ந்த மணலில் நேராக நடந்து வந்துவிட்டது. 'இந்த ஆற்றில் நடக்கலாம்' என்று மேசை ஓரத்தில் பெரிதாக எழுதித்தான் வைத்திருந்தாள். ரோஜர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த மேசையைக் கிளப்பிலேயே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்.

அதெல்லாம் பிறகு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நான் பிஸ்கட் டப்பாவை நீட்டினேன். இந்த முறை முதலில் சாரி சொன்னேன். ரோஜர் தளபதியை வெளியே எடுத்து, ஜன்னல் பக்கம் போய், பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார். முதுகைப் பார்த்தார். காலாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி முதுகு. அன்றைக்கு நின்ற அதே ஆட்கள் சுற்றி வந்து நின்றார்கள். நான் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"எந்த இடம் என்றே தெரியவில்லை" என்றார் ரோஜர்.

அப்போது ஷெரின் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் மகள், அத்தனை பேருக்கும் நடுவில், கட்டைவிரலை நாக்கில் தொட்டாள். யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. தளபதியின் முதுகில் அழுத்தி நாலு தேய்ப்பு. அந்த அழுத்தத்தை நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

விரலை முதலில் ரோஜரிடம் காட்டினாள். அப்புறம் எல்லோருக்கும். கடைசியில் எனக்கு. ஒரு பொட்டு நிறம்கூட ஏறவில்லை.

"ஓகே மா," என்றாள், அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "லோடு ஏத்து."